ஸ்டால் – ஏற்றமிழப்பு

பயிற்சி விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் என்ஜின் நின்று விழுந்துவிட்டால், ‘விமானம் ஸ்டால் ஆனது’ என்று செய்தியில் ஒரு வரி வரும். என்ஜின் ஆஃப் ஆனதைத்தான் சொல்கிறார்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். கிளட்சைச் சட்டென்று விட்டதும் கார் குலுங்கி நிற்பதற்கும் அதே பெயர்தானே! விமானத்தில் ஸ்டால் ஆவது இறக்கை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நிற்குமிடம், தொழுவம் என்று பொருள். நம் டீ ஸ்டாலும் அங்கிருந்து வந்ததுதான். சேற்றில் சிக்கி வண்டி நகராமல் நிற்பதையும் இது குறித்தது. அப்புறம் என்ஜினுக்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விமானத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் 1896 ஆகஸ்டில் ஜெர்மனியின் பறத்தல் முன்னோடி ஓட்டோ லிலியெந்தால் உயிரைப் பறித்த ஸ்டால், என்ஜினே இல்லாத கிளைடரில் நேர்ந்தது.

இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம் தாக்குகோணம். அது சுமார் 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து சிதறுகிறது. விமானத்தைத் தாங்கும் ஏற்றவிசை சட்டென்று சரிகிறது.

பயிற்சிப் பள்ளிகளில் சாதாரணமாகப் பார்க்கும் செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். மேலேறும்போது மூக்கு தூக்கியிருக்கும். அந்த நேரம் என்ஜின் நின்றால் வேகம் மளமளவென்று இறங்கும். உடனே மூக்கைத் தாழ்த்தி, சுமார் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தைப் பிடித்து, நேர் எதிரே கிடைத்த இடத்தில் சறுக்கி இறங்க வேண்டும். தரை நெருங்கி வருவதைப் பார்க்கும் கையோ, கட்டுப்பாட்டைத் தன்னை நோக்கி இழுக்கப் பார்க்கும்; இழுத்தால் மூக்கு உயர்ந்து தாக்குகோணம் கூடிவிடும். ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை இன்னும் கொடியது. 45 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்ப முயன்றால் எந்த வேகத்துக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகுமோ அந்த வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சில நூறு அடி உயரத்தில் ஸ்டால் ஆனால் மீள்வதற்கு இடமில்லை.

இந்திய விமானப்படையின் எச்பிடி-32 தீபக், பறக்கும்போதே என்ஜின் நின்றுபோவதற்குப் பேர்போன பயிற்சி விமானம். என்ஜின் நின்றபின் சறுக்கிப் பறக்கும் திறனும் அதற்குக் குறைவு. 17 விபத்துகளில் 19 விமானிகளைப் பலிகொண்ட பிறகு, 2009இல் இன்றைய தெலங்கானாவின் மேடக் அருகே நடந்த விபத்தோடு அதைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். பறக்கக் கற்க வந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வேக இழப்பு’ பொருந்தாது; தாக்குகோணம் மீறினால் எந்த வேகத்திலும் ஸ்டால் ஆகும். ‘நிலைகுலைவு’ விளைவை மட்டுமே சொல்கிறது. நடந்ததை அப்படியே சொல்வது ‘ஏற்றமிழப்பு’. வினையாக்குவதும் சுலபம்: ‘எழும்பியதும் என்ஜின் நின்றது, திரும்ப முயன்றபோது விமானம் ஏற்றமிழந்து விழுந்தது.’ என்ஜினுக்கு ‘நின்றது’ அல்லது ‘செயலிழந்தது’ போதும்.