கார்பன் கிட்டார் வாங்குமுன் ஸ்பீக்கரில் கேட்டீர்களா?

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டர்பன் புறநகர் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கிட்டாரோடு என் பட்டறைக்கு வந்தார். கறுப்புப் பளபளப்பு. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பாய் நெசவு மாதிரி இழை தெரியும். பஜனைக் குழுவில் வாசிக்கிறவர். மூன்று வருடச் சேமிப்பைப் போட்டு வெளிநாட்டிலிருந்து தருவித்த கார்பன் ஃபைபர் கிட்டார் அது.

"அண்ணா, வீட்டில் வாசித்தால் அவ்வளவு நன்றாக இருக்கிறது. கோவில் மைக் செட்டில் போட்டால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி வருகிறது. சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறது."

"வாங்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டீர்களா தம்பி?"

"வீடியோவில் கேட்டேன் அண்ணா."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிட்டார் பழுது பார்ப்பதும், கோவில், சர்ச், கல்யாண மண்டபங்களுக்கு ஒலி அமைப்பதும்தான் என் தொழில். இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன். வீடியோக்காரர் பெரும்பாலும் கிட்டாருக்கு முன்னால் ஒரு நல்ல மைக்கை வைத்துப் பதிவு செய்திருப்பார். நீங்கள் கேட்டது அந்த மைக்கையும் அந்த அறையையும். கோவிலில் ஜனங்கள் கேட்கப்போவதோ கிட்டாருக்குள் இருக்கும் பிக்கப்பை, அதாவது அதிர்வை மின் சமிக்ஞையாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியை. இரண்டும் வேறு வேறு சங்கதி. ஆம்ப்ளிஃபயரில் வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், உடம்பு எந்தப் பொருள் என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே என்ன பிக்கப், அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

கார்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊருக்கு அது ரொம்பப் பொருத்தம். மரக் கிட்டாருக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் சுகம். டர்பன் கோடையில் அதை எங்கே தேடுவது? பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், தந்தி உயரும், விரல் வலிக்கும். அதே கிட்டாரை ஜூலை மாதம் ஜொஹானஸ்பர்க் கல்யாணத்துக்கு எடுத்துப் போனால் கதை தலைகீழ். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், குளிர்காலக் காற்று காய்ந்து கிடக்கும். ஒரே வாரத்தில் பலகை சுருங்கி, ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகள் கழுத்தின் ஓரத்தில் முள் மாதிரி துருத்திக்கொண்டு வரும். தந்திகளை உடம்போடு பிணைக்கும் பிரிட்ஜுக்குக் கீழே விரிசல் விட்டு என்னிடம் வந்தவை கொஞ்சமல்ல. கார்பனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஈரத்துக்கு உப்பாது, காய்ந்த காற்றுக்குச் சுருங்காது. ரோஸ்வுட் மரத்துக்கு 2017-இல் வந்த சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டால் இசைக்கலைஞர்கள் எல்லைகளில் பட்ட பாடும் இதில் இல்லை. (2019 இறுதியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.)

ஆனால் ஒன்று. கார்பன் நீளாது, தந்தி நீளும். பந்தலில் வெயில் ஏறினால் எஃகுத் தந்தி சூடாகித் தளரும், சுருதி இறங்கும். "கார்பன் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தப் பொருள் கிட்டாருக்குள் வந்த விதத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்ல்ஸ் கேமன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1966-இல் ஓவேஷன் கிட்டார் கம்பெனியைத் தொடங்கினார். 1976-இல் அடமாஸ் என்ற மாடலில் மேல்பலகையையே கார்பன் இழையில் செய்தார்கள், நடுவில் மெல்லிய பர்ச் மரத் தாளை வைத்து. சாடிலுக்கு (பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் மெல்லிய பட்டை) அடியில் பீசோ பிக்கப் வைத்து மேடைக்கென்றே கிட்டார் செய்வதில் முன்னோடிகளும் அவர்கள்தான். உடம்பையும் பிக்கப்பையும் சேர்த்தே யோசித்தார்கள். பிறகு ஹவாயில் தொடங்கிய ரெயின்சாங், அயர்லாந்தின் எமரால்ட், மரக் கிட்டாரிலிருந்து கார்பனுக்கும் வந்த மெக்ஃபர்சன் என்று பலர் இருக்கிறார்கள். எதை வாங்கினாலும் பிக்கப் எது என்பதை வாங்குகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல மாடல்களில் அது தனி விலைக்குச் சேர்க்கும் தேர்வு.

சரி, தம்பியின் கிட்டாருக்கு வருவோம். சாடிலுக்கு அடியில் பீசோ பட்டை இருந்தது. சமிக்ஞையைப் பலப்படுத்தும் ப்ரீஆம்ப் இல்லை, பேட்டரி இல்லை, பட்டையிலிருந்து நேரே ஜாக்குக்கு ஒயர். பீசோ என்பது அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் படிகம். அதிலிருந்து வரும் சமிக்ஞைக்குப் பலம் குறைவு. அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு (சமிக்ஞையின் ஓட்டத்துக்குக் காட்டும் தடை) ஒரு மெகா ஓமாவது இருக்க வேண்டும், பத்து மெகா ஓம் என்றால் நிம்மதி. கோவிலில் இருந்தது டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள பாஸிவ் டிஐ பெட்டி, அதாவது கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி. அந்த மாதிரிப் பெட்டிகளில் உள்ளீடு சுமார் 140 கிலோ ஓம்தான். பீசோவை அதில் சொருகினால் கீழ்ஸ்தாயி அங்கேயே கரைந்துவிடும். மிச்சம் வருவது தகரம்.

கோவிலில் மிக்ஸரைப் பார்த்துக்கொண்ட பெரியவர் என்ன செய்தார்? சத்தம் மெலிசாக இருக்கிறதே என்று பேஸ் (கீழ்ஸ்தாயி) திருகை முழுக்கத் திருகினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அப்போதுதான் ஊளை ஆரம்பித்தது. அந்த அளவுக் கிட்டாரின் வயிற்றுக் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரும். பானை வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே கதைதான். பானை மண்ணா, பித்தளையா, கார்பனா என்று காற்றுக்குத் தெரியாது. ஸ்பீக்கரிலிருந்து அந்த ஸ்தாயி திரும்பிவந்து வயிற்றுக்குள் புகுந்தால் கூவத்தான் செய்யும். "கார்பன் ஃபீட்பேக் ஆகாது" என்று விளம்பரம் போலப் பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. மெல்லிய, நன்றாக அதிரும் கார்பன் பலகை மரப்பலகை மாதிரியே கூவும். தடித்த பலகை கொஞ்சம் தாங்கும், ஆனால் அது வீட்டில் வாசிக்க ஊமை.

ஆக, மெலிந்த சத்தத்துக்கும் ஊளைக்கும் ஒரே காரணம். அதிக மின்மறுப்புள்ள ஒரு சிறிய ப்ரீஆம்ப் பெட்டியை நடுவில் வைத்ததும் கீழ்ஸ்தாயி தானாக வந்துவிட்டது, பேஸ் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். கிட்டாரின் தடித்த ஈ தந்தியே 82-இல்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே வருவதெல்லாம் மேடை அதிர்வும் மிருதங்கமும்தான். ஊளையை அடக்கத் துளையை மூட வேண்டும், கடையில் விற்கும் வட்ட ரப்பர் மூடி இதற்குப் பொருந்தவில்லை. இவருடைய கிட்டாரின் துளை நடுவில் இல்லாமல் தோள் பக்கம் கோணலாக இருந்தது. கார்பனை எந்த வடிவத்திலும் வார்க்கலாம் என்பதால் இப்படிச் செய்வார்கள், பார்க்க அழகு. இந்த வடிவம் வாங்குவதாக இருந்தால் மூடியும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். நான் கடின ஸ்பாஞ்சில் வெட்டிக்கொடுத்தேன்.

இன்னொரு குறையும் இருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. ஆறு தந்தியையும் ஒரே பலத்தில் ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னேன். ஸ்பீக்கரில் பி தந்தி மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. தந்தியைக் கழற்றிச் சாடிலை உருவி, அதன் அடிப்பக்கத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பி தந்திக்குக் கீழே தலைமுடி கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. தந்தி உயரத்தைக் குறைக்க யாரோ அடிப்பக்கத்தைக் கையில் பிடித்தே உரசியிருக்கிறார்கள். அந்த இடத்தில் சாடில் பீசோவை அழுத்தவில்லை. கண்ணாடிமேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சாடிலை நிமிர்த்திப் பிடித்து இருபது தடவை ஒரே திசையில் இழுத்தேன். வெளிச்சம் மறைந்தது.

சில கார்பன் கிட்டார்களில், அதிலும் பழைய மாடல்களில், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடு என்ற உலோகக் கம்பி உள்ளே கிடையாது. தந்தி உயரத்தைச் சாடிலில்தான் சரிசெய்ய முடியும். அதனால்தான் இந்தக் கோளாறு இவற்றில் எனக்கு அதிகமாகக் கண்ணில் படுகிறது. வாங்குமுன் ட்ரஸ் ராடு உண்டா என்று கேளுங்கள்.

எந்தப் பிக்கப் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. தபலா, மிருதங்கம், ஹார்மோனியம் எல்லாம் பக்கத்தில் முழங்கும் திருவிழா மேடைக்கும், டிரம்ஸ் உள்ள சர்ச் மேடைக்கும், சாடிலுக்கு அடியில் பீசோ, கூடவே ஃபேஸ் சுவிட்சும் (சமிக்ஞையைத் தலைகீழாக்குவது) நாட்ச் திருகும் (ஊளையிடும் ஸ்தாயியை மட்டும் வெட்டுவது) உள்ள ப்ரீஆம்ப். ஊளைக்கு அது நன்றாகத் தாங்கும். பலகையின் உட்புறம் ஒட்டும் வகை இதைவிட இயல்பாக ஒலிக்கும், கார்பனில் இன்னும் நன்றாக அமையும். ஆனால் பக்கத்திலிருக்கும் மிருதங்கத்தையும் உங்கள் சட்டைப் பொத்தானையும் சேர்த்தே பிடிக்கும். அமைதியான சின்னக் கூடத்துக்கு அது. உள்ளே மைக் உள்ள வகையை, வாசிப்பவர்களை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அலறும் மேடையில் நான் திறந்து வைப்பதே இல்லை. துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் எஃகுத் தந்திக்கு மட்டும்தான், நைலானுக்கு ஆகாது.

கார்பனில் மேல்ஸ்தாயி ஓசை சீக்கிரம் அடங்காது. மரம் அதைத் தானே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். பீசோவின் கண்ணாடிக் கூர்மையும் இதோடு சேர்ந்தால் காது கூசும். மிக்ஸரில் 2 முதல் 3 கிலோ ஹெர்ட்ஸ் வரையில் மெல்லக் குறையுங்கள். பழைய தந்தியும் உதவும். கார்பன் கிட்டாரில் திருவிழாவுக்கு முதல் நாள் புதுத் தந்தி மாட்ட வேண்டாம் என்பது என் வழக்கமான யோசனை.

பலருக்குத் தெரியாத ஒன்று: கார்பன் இழையில் மின்சாரம் பாயும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒரு முனையை ஜாக்கிலும், மறுமுனையைத் துளையின் உள்விளிம்பில் மெருகு படாத இடத்திலும் வையுங்கள். சில கிட்டார்களில் பீப் அடிக்கும். உடம்பு முழுக்க எர்த்தோடு இணைந்திருக்கிறது என்று அர்த்தம். இரைச்சலைத் தடுக்க இது நல்லதே. ஆனால் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்துப் பழக்கத்தில் நம் மண்டபங்கள் பலவற்றில் ஜெனரேட்டர் ஓடுகிறது, எல்லாவற்றிலும் எர்த் ஒழுங்காக இருப்பதில்லை. கை கிட்டாரில், உதடு மைக்கில், இரண்டுக்கும் நடுவே எர்த் கோளாறு என்றால் ஷாக் அடிக்கும். 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் டிஐ பெட்டியில், சமிக்ஞை ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம், தயவுசெய்து. இதில் எனக்குப் பயம் உண்டு. உயிர் போகும் விஷயம்.

இதே காரணத்தால் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரைக் கிட்டாருக்குள் வைத்து மூடினாலும் வேலைக்கு ஆகாது, கார்பன் ரேடியோ அலையை மறைத்துவிடும். பெல்ட்டில் மாட்டுங்கள். அலுமினிய உதிரிகள் கார்பனை நேராகத் தொட்டால் நம் கடற்காற்றில் சீக்கிரம் அரிக்கும், ஜாக்கையும் திருகுகளையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். வெயிலில் மூடிய காருக்குள் கறுப்புக் கிட்டாரை விட்டுப் போகாதீர்கள், இழைகளைப் பிடித்திருக்கும் எபாக்சிப் பசையும் பிரிட்ஜ் பசையும் சூட்டில் இளகும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு: கார்பனில் அடிபட்டால் நசுங்காது, மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரியும். ஒரு ராண்ட் நாணயத்தை எடுத்து, உடம்பு நெடுக இரண்டு விரல் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். 'டிக் டிக்' என்று போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் 'டொக்' என்று மழுங்கினால் அங்கே அடுக்கு விட்டிருக்கக் கூடும். விமானக் கார்பன் பாகங்களையும் இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு. விலை மிகக் குறைவாக இருந்தால் அது கார்பன் நெசவுதானா, அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் கார்பன் கலந்து அச்சில் வார்த்ததா என்றும் கேளுங்கள். அதுவும் மழைக்குத் தாங்கும். நெசவுக் கார்பனின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஒயர், உங்கள் டிஐ பெட்டி, முடிந்தால் உங்கள் சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். நீங்கள் மேடையில் வாசிக்கும் சத்தத்துக்கு ஏற்றுங்கள். ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று, தந்திகளைக் கையால் பொத்தி, மெல்ல விடுங்கள். எங்கே கூவுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தைப்பூசத்தன்று மத்தியானம் மழை கொட்டியது. ராத்திரி அந்தத் தம்பி கூப்பிட்டார். ஹார்மோனியத்துக்குத் தார்ப்பாய் போர்த்தினார்களாம், இவர் நின்ற இடத்திலேயே வாசித்தாராம். "பி தந்தி இன்னும் கொஞ்சம் கம்மிதான் அண்ணா" என்றார். செவ்வாய்க்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சாடிலை மட்டுமல்ல, அது உட்காரும் பள்ளத்தின் அடியையும் பார்க்க வேண்டும்.