‘இவர்ர தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்’

முதலாம் வகுப்பு விண்ணப்பப் படிவம் வந்த கையோடு இன்னொரு பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார்கள், போன கிழமை. ஐந்து வயதாகப் போகிறது, இன்னும் கதை வரவில்லை. கிளினிக் கொப்பியில் ஊசி போட்ட பக்கங்கள் அத்தனையும் ஒழுங்கு, ஒரு தவணைகூடத் தவறவில்லை. பிள்ளை எப்போது சிரித்தது, இருந்தது, நடந்தது என்று பெற்றோர் குறிக்கும் பக்கத்தைத் திருப்பினால், எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனையால் ‘சரி’. “கிளினிக்ல கேப்பாங்க எண்டு முதல் நாள் ராவு இருந்து போட்டது மிஸ்” என்கிறார் தாய். இரண்டு வயதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. மாமிதான் தடுத்தாராம்: “இவர்ர தகப்பனும் நாலு வயசிலதான் கதைச்சவர்.”

இலங்கையின் கிழக்கில், ஏறாவூரிலிருந்து திருக்கோவில் வரை இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காத்தான்குடியில் ‘வாப்பாவும்’ என்று வரும், கொக்கட்டிச்சோலையில் ‘அப்பாவும்’ என்று வரும், மிச்சம் அச்சொட்டாக அதேதான். ஒரு பேச்சு சிகிச்சையாளராக இன்றைக்கு இதை விட்டுப்போவதாக இல்லை. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகப்பன் நாலு வயதில் கதைத்தார் என்பதை எழுதி வைத்தவர் யார்? அந்தக் காலத்தில் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்த ஒரு வீட்டில், எந்தப் பிள்ளை எந்த மாதம் கதைத்தது என்பது நினைவில் நிற்குமா? சரி, உண்மையென்றே எடுப்போம். மொழி பிந்துவது குடும்பத்தில் ஓடக்கூடியது. அப்படியென்றால் தகப்பன் பிந்தியது பிள்ளையை முந்தியே கிளினிக்கில் காட்டுவதற்கான காரணம். நீங்களோ அதையே காட்டாமல் இருப்பதற்குக் காரணமாகச் சொல்கிறீர்கள். ‘ஆம்பிளப் பிள்ளை சுணங்கித்தான் கதைக்கும்’ என்பதும் இதே கதைதான். ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்துவது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் மாதக் கணக்கு, வருடக் கணக்கல்ல. ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபடும் வளர்ச்சி நிலை) கண்டறியப்படும் பிள்ளைகளில் ஆண்கள் பல மடங்கு அதிகம் என்பதையும் அந்த வசனத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: பிந்திக் கதைத்துப் பிறகு எஞ்சினியரான மச்சானை ஊரே உதாரணம் காட்டும். கதைக்காமலே வளர்ந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பிள்ளையை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

பிந்திக் கதைக்கும் சில பிள்ளைகள் தாங்களாகவே எட்டிப் பிடிப்பார்கள், மறுக்கவில்லை. யார் எட்டிப் பிடிப்பார், யாருக்கு உதவி வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் மதிப்பீடு. அதை மாமி பார்த்துச் சொல்ல முடியாது.

மதிப்பீடு செய்யும் அறைக்குள் நாங்கள் சொற்களை எண்ணுவது பெரும்பாலும் கடைசியில்தான். ஒரு பிள்ளைக்கு அலுமாரிக்கு மேலே உள்ள பிஸ்கட் டின் வேண்டும். தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைத் தூக்கி டின்னை நோக்கி வைக்கிறது. தாயின் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. இன்னொரு பிள்ளைக்கும் ஒரு சொல் வராது, ஆனால் யன்னலில் காகம் வந்து நின்றால் விரலை நீட்டிக் காட்டி, தாய் பார்க்கிறாளா என்று திரும்பி அவள் முகத்தையும் பார்த்து, ‘ம்ம்!’ என்கிறது. ஊர் கண்ணுக்கு இரண்டும் ‘கதைக்காத பிள்ளை’. எனக்கு இரண்டும் வெவ்வேறு பிள்ளைகள்: ஒன்று தாயின் கையை மட்டும் பாவிக்கிறது, மற்றது தான் கண்டதைத் தாயோடு பகிர்கிறது.

யூடியூப் பிள்ளைகள் தனி ரகம். ஏ முதல் இசட் வரை, நூறு வரை எண், நிறங்கள் எல்லாம் அமெரிக்க உச்சரிப்பில் வரும். “கெட்டிக்காரன் மிஸ், இங்கிலிஷ் கதைப்பார்” என்று பெருமையாகச் சொல்வார்கள். தண்ணி வேண்டுமென்றால் அழுகை மட்டும்தான். பாடமாக்கியதை ஒப்புவிப்பது கதைப்பது ஆகாது. அதற்காகப் போன் கொடுத்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்று தாயின் தலையில் ஏற்றவும் வேண்டாம், அதுவும் தவறு. கட்டாரிலோ குவைத்திலோ வேலைக்குப் போன தாயைக் குற்றம் சாட்டுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

எப்போது வரவேண்டும்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 12 மாதமாகியும் திரும்பாவிட்டால், 18 மாதமாகியும் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், நடக்காவிட்டால், ஒரு சொல்லும் வராவிட்டால், 2 வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேராவிட்டால் வாருங்கள். முன்பு செய்ததை, சொன்னதைப் பிள்ளை விட்டுவிட்டால் எந்த வயதானாலும் உடனே. குறைமாதப் பிள்ளையென்றால் 2 வயது வரை, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

நாக்கை வெட்டிவிட்டால் கதைக்கும் என்று சத்திர சிகிச்சைக்கு அலைய வேண்டாம். நாக்கின் அடி ஒட்டியிருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில எழுத்துகள் கொன்னலாம். அம்மா என்று கூப்பிடாததற்கு அது காரணமல்ல. ஒரு வயதுக்கு முன் நாக்கில் தேன் தடவவே வேண்டாம். நூல் கட்டுவதும் தண்ணி ஓதிக் கொடுப்பதும் உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே நிற்கவில்லை. அதே கிழமையில் கிளினிக்குக்கும் வாருங்கள், அவ்வளவுதான்.

காது முதலில். “கதவு அடிச்சாத் திரும்புவான்” என்பது காதுப் பரிசோதனை ஆகாது. கதவுச் சத்தம் கேட்கும், ‘ஸ’வும் ‘ச’வும் கேட்காது என்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். செவிப் பரிசோதனை முடியாமல் வேறெதையும் முடிவு கட்ட மாட்டோம். தூங்க வைத்துச் செய்யும் பரிசோதனையென்றால், பஸ்ஸில் தூங்கவிட்டு அங்கே வந்து விழிக்க வைக்காதீர்கள், தயவுசெய்து.

பலருக்கு ஏமாற்றம், ஸ்கேன் எடுக்கவில்லையே என்று. “விளையாட்டுச் சாமானைக் குடுத்துப் பாத்திட்டு அனுப்பிட்டாங்க” என்று வெளியே போய்ச் சொல்வார்கள். அந்த விளையாட்டுத்தான் பரிசோதனை. ஆட்டிசத்தைக் காட்டும் ஸ்கேனும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. வேறு காரணம் சந்தேகமானால் டொக்டரே எழுதுவார்.

நேரே கொழும்புக்கு வான் பிடிக்கத் தேவையில்லை. உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ் வழியாக மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, கல்முனை, அம்பாறைப் பக்கமென்றால் அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ, குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். காசில்லை. வரும்போது கிளினிக் கொப்பி, பிறந்தபோது தந்த துண்டு, வீட்டில் தன்பாட்டில் விளையாடும்போது போனில் எடுத்த சின்ன வீடியோ ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது அம்மம்மாவென்றால் அவரும் வரட்டும், எனக்கு அவர்தான் முக்கிய சாட்சி. உள்ளே வந்தபின் “சொல்லு மனே, மிஸ்ஸுக்குச் சொல்லு” என்று பிள்ளையின் உயிரை வாங்காதீர்கள்.

‘கிளினிக்கில் பேர் எழுதிப் போட்டால் பள்ளிக்கூடத்தில் எடுக்க மாட்டாங்க’ என்று பயப்படுகிறீர்கள், விளங்குகிறது. நாலு வருடம் ஒளித்து வைத்த பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போன முதல் கிழமையே ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். அதுவரை கிடைத்திருக்க வேண்டிய பயிற்சிதான் போய்விடும்.

தமிழில் வேலை செய்யும் பேச்சு சிகிச்சையாளர்கள் போதாது, ஆகவே தவணை சுணங்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மிஞ்சித் திரை வேண்டாம், 2 வயதுக்குள் அறவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சோறு தீத்தும்போது போனைத் தூர வையுங்கள். கேட்க முன்னமே எல்லாவற்றையும் கையில் கொடுக்காமல், பிள்ளையின் முகமட்டத்துக்கு இருந்து, பெயரைச் சொல்லிப் பொறுத்துப் பாருங்கள். தவணை நாளில் வர முடியாவிட்டால் ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். பொத்துவிலிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வரத் தயாராக இருக்கும் இன்னொரு பிள்ளையை அந்த இடத்துக்குக் கூப்பிடலாம்.