சோற்றைக் குறைத்தாயிற்று, அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள்?

“சோறே தொடுறதில்ல மேடம். அப்புறமும் ஏன் சுகர் குறையல?”

உணவு ஆலோசகரான என்னிடம் இப்படிக் கேட்டவருக்கு 44 வயது. மதுரையில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. “சுகர் பார்டர்ல இருக்கு, சோத்தைக் குறை” என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குச் சொல்ல, அவரும் குறைத்துவிட்டார். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் 6.0. இடையில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மலச்சிக்கல் வந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல் மெஷினை மிதிக்கவே கால் வரவில்லை என்றார்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ரவிக்கை அளவு குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அழகாக எழுதி வந்தார். காலையில் வெந்தயத் தண்ணீர். பத்து மணிக்கு இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் ஒரு கரண்டி சோறு, ரசம், கொஞ்சம் பொரியல். இரவு இரண்டு சப்பாத்தி. நடுவில் இரண்டு டீ. ஏழு நாளும் ஏறக்குறைய இதே கதைதான்.

அவர் எடை 62 கிலோ. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் பரிந்துரை. அப்படிப் பார்த்தால் அவருக்குக் குறைந்தது 51 கிராம் வேண்டும். அந்த நோட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். 25 கிராமைத் தாண்டவில்லை. நார்ச்சத்தும் போதாது, கால்சியமும் போதாது. ஹீமோகுளோபின் 9.2, அதாவது ரத்தசோகை.

வாரத்துக்கு நான்கைந்து பேரிடமாவது இதைத்தான் பார்க்கிறேன். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நம் வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பங்கு அரிசியும் கோதுமையும்தான். சர்க்கரை நோய் பற்றி நாடு முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின் தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஒரு கணக்கு, சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டமான முன்நீரிழிவு நிலையிலிருந்து திரும்ப மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 50 முதல் 56 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்கிறது. அதே மூச்சில், புரதம் 18 முதல் 20 சதவீதமாக உயர வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. இரண்டாம் பாதி விழவே இல்லை.

அந்த அம்மாவிடம், “பருப்பு எதில் அளப்பீர்கள்?” என்று கேட்டேன். அடுத்த முறை அந்த டம்ளரையே கொண்டு வந்தார். சின்ன எவர்சில்வர் டம்ளர். அதில் துவரம்பருப்பை நிரப்பித் தராசில் வைத்தேன், 75 கிராம். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 15 கிராம் பருப்பு, அதில் புரதம் மூன்றரை கிராம்கூட இல்லை. அதிலும் இவர் கடைசியாகச் சாப்பிடுகிறவர். சாம்பார் சோற்றுக்குப் பதில் ரசம் ஊற்றிக்கொள்கிறவர். மீன் எடுத்தால் நடுத்துண்டு பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போய்விடும், இவருக்குக் குழம்பு. சோறு நிறைய சாப்பிட்ட காலத்தில் அதிலிருந்து வந்த கொஞ்சநஞ்சப் புரதமும் இப்போது போய்விட்டது. இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கனத்துவிட்டது. எத்தனை வீட்டில் இப்படி!

அப்புறம் அந்த 9.2. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எச்பிஏ1சி என்பது நம் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் அளவு. 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கு, ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு ஏறாமலே இந்த எண் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ரத்தசோகை உள்ள பெண்களிடம் எச்பிஏ1சி ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவருக்கு வெறும் வயிற்றில் 104. 100 முதல் 125 வரை முன்நீரிழிவுதான். ஆக, பிரச்சினை உண்மையிலேயே இருந்தது, ஆனால் 6.1 என்ற எண்ணில் இரும்புச்சத்துக் குறைவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அதை டீயோடு விழுங்கக் கூடாது என்பதை நான் சொன்னேன். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதும் அப்படித்தான், இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய்.

தட்டை மாற்றியது இப்படித்தான். இட்லி இரண்டு அப்படியே இருக்கட்டும், சட்னிக்குப் பதில் கெட்டிச் சாம்பார், கூட ஒரு முட்டை. மதியம் சோறு ஒரு கப், பருப்புக் கூட்டு ஒரு கப், காய் ஒன்றரை கப், தயிர் ஒரு கிண்ணம். அவரைக்காய், கொத்தவரங்காய், புடலை, வாழைத்தண்டு எது மலிவோ அது. முதலில் காயையும் கூட்டையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வைக்கச் சொன்னேன், சர்க்கரை மெதுவாக ஏறும். சாயங்காலம் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. இரவு பச்சைப்பயறு அடை இரண்டு, முருங்கைக்கீரை போட்டு. இதில் புரதம் 55 கிராமைத் தாண்டிவிடும். மீன் எடுக்கும் நாளில் ஒரு துண்டு அவருக்கும் உண்டு என்று எழுதியே கொடுத்தேன். நெத்திலியாக இருந்தால் முள்ளோடு சாப்பிடலாம், கால்சியம் கிடைக்கும்.

“இதுக்கெல்லாம் காசு?” என்றார். நியாயமான கேள்வி. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் முருங்கை மரம் நிற்கிறது. புரதப் பவுடர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

சிறுதானியம் பற்றியும் ஒரு வார்த்தை. சாமை, தினை, கம்பு எல்லாம் நல்ல தானியங்கள். கேழ்வரகில் கால்சியம் நிறைய. ஆனால் அவற்றிலும் நூறு கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. அரிசிக்குப் பதில் என்று சொல்லி வயிறு முட்டச் சாமைச் சோறு சாப்பிட்டால் கணக்கு மாறாது. கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், அடையாகவோ களியாகவோ அளவோடு, குழம்பும் கீரையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். பழத்தை அடியோடு நிறுத்தியவர்களும் வருகிறார்கள். ஒரு கொய்யாக்காயைக் கண்டு பயப்பட வேண்டாம். ஜூஸ் மட்டும் வேண்டாம்.

முட்டை, மீன் எதுவும் தொடாதவர்கள் வைட்டமின் பி12 அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முன்நீரிழிவுக்கே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் பாதம் மரத்துப்போகும், ஆனால் சர்க்கரைதான் காரணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் மாற்ற வேண்டாம். மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

தையல்கார அம்மா ஐந்து மாதம் கழித்து வந்தார். ஹீமோகுளோபின் 11.6, வெறும் வயிற்றுச் சர்க்கரை 97, எச்பிஏ1சி 5.7. இதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரவு மலச்சிக்கலுக்குக் குடித்துக்கொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டார். முடி உதிர்வது குறைய மூன்று மாதம் பிடித்ததாம். பருப்புக்கு இப்போது அந்த டம்ளரில் இரண்டு டம்ளர் போடுகிறார். அடுத்த தடவை கணவரையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு 6.3.