பொம்மைக்கு ஆயாசம் வராது

மருத்துவ மாணவர்கள் நோயாளியிடம் பழக வேண்டாம், பொம்மையிலேயே பழகட்டும் என்கிறார்கள் சிலர். எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். திருத்தணியைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. எங்கள் வார்டில் பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். "ஆயாசமா இருக்குது சாமி" என்றார். ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், கோவைப் பக்கத்துப் பையன். கேஸ் ஷீட்டில் "களைப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். தமிழில் ஆயாசம் சோர்வுதான். தெலுங்கில் அது மூச்சு வாங்குவது. நான் ரவுண்ட்ஸ் போனபோது பாட்டி படுக்க முடியாமல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டோம். ராத்திரிதான் தலை சாய்த்தார்.

பையன் மக்கு இல்லை. இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் முதலுதவியைப் பழகும்போது, பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பிசகாமல் அழுத்துவான். இதை நல்ல உடம்புள்ள ஆள் மேல் பழக முடியாது, விலா முறியலாம். அதற்காகவே 1960-ல் நார்வேயில் பொம்மை செய்தார்கள். நம் எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம்தான் இப்படிப் பொம்மையில் பழகும் பயிற்சிக்கூடங்களுக்கு அழுத்தம் கொடுத்தது.

எனக்கு ரப்பர் கை கிடைக்கவில்லை. நான் முதன்முதலில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சின்னக் குழாய்) போட்டது ஒரு நெசவாளியின் கையில். நாலு குத்து. "இன்னொரு வாட்டி பாருய்யா" என்று அவரே கையை நீட்டினார். தறி ஓட்டும் கை அது, இன்றும் உறுத்துகிறது. ரத்தக்குழாயில் ஊசி ஏற்றுவதும், மூச்சுக்குழாய் இறக்குவதும், பிரசவத்தில் குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டால் விடுவிப்பதும் பொம்மையில் கை பழகிய பிறகே ஆளிடம் வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ இறுகிப்போய் வருகிறவரின் விரலை மெல்ல நீட்டும்போது அவர் துடிப்பாரே, சதைக்குள் ரத்த ஓட்டம் நிற்கப்போகிறது என்பதற்கு அதுதான் முதல் எச்சரிக்கை. சில மணி நேரம் விட்டால் சதை செத்துவிடும். பொம்மை விரல் துடிக்காது.

உங்களைப் பரிசோதிக்க மாணவர் வந்தால், "பெரிய டாக்டர் கூட இருக்காரா?" என்று தாராளமாகக் கேளுங்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம், அதற்காக வைத்தியம் குறையக் கூடாது. நோயின் பெயரைத் தேடாதீர்கள்; படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாலு படி ஏற முடியவில்லை என்று, முடியாததைச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் இப்போது நோயாளி சொன்னதை அப்படியே எழுதுகிறான். போன வாரம் ஒரு ஷீட்டில் பார்த்தேன்: "கள்ளு திருகுதா உண்டாயி." கீழே சின்ன எழுத்தில், "கண் சுற்றுகிறதாம். குடிப்பழக்கம் இல்லை, விசாரித்தேன்."