புதிய நரம்பணுவைக் காட்டும் புரதங்கள்: சாயம் சொல்வதும் சொல்லாததும்

திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கு நோயாளிகளை நேரில் சந்திக்கும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் அண்மைக் காலமாக, தெரிந்தவர்கள் மூலம் ஒரே மாதிரியான கேள்வி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. மறதி நோய் தொடங்கிய தாய்க்கோ தந்தைக்கோ ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள், ஒரு மாத்திரையின் விளம்பரத்தைக் கைப்பேசியில் அனுப்பி, "இது டபிள்கார்ட்டினை அதிகரிக்கும் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் மூளையில் புதிய செல்கள் வளரும் என்றுதானே பொருள்?" என்று கேட்கிறார்கள். டபிள்கார்ட்டின் என்பது இளம் நரம்பணுக்களில் காணப்படும் ஒரு புரதம்; விளம்பரத்தில் உள்ள அந்தச் சொல் பொய்யல்ல. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருளுக்கும் அந்தப் புரதம் உண்மையில் காட்டுவதற்கும் இடைவெளி பெரிது.

பிறந்த பிறகு மூளையில் நரம்பணுக்கள் புதிதாகத் தோன்றுவதில்லை என்பதுதான் நெடுங்காலப் பாடம். 1960களில் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும், டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளான தைமிடினில் கதிரியக்கம் ஏற்றி எலிகளுக்குச் செலுத்தி, ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதியில் புதிய செல்கள் பிறப்பதைக் காட்டியபோது பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1998இல் ஸ்வீடனில், நோயின் பொருட்டு புரோமோடியாக்சியூரிடின் என்ற பொருள் செலுத்தப்பட்டிருந்த புற்றுநோயாளிகள் ஐவர் இறந்தபின் அவர்களுடைய மூளையை ஆராய்ந்தபோது, பிரிந்துகொண்டிருந்த செல்களின் டிஎன்ஏவில் அப்பொருள் பதிந்திருந்ததும் அவற்றுள் சில நரம்பணுக்களாக மாறியிருந்ததும் தெரிந்தன. ஆனால் இத்தகைய பொருளை ஆராய்ச்சிக்காக மட்டும் மனிதருக்குச் செலுத்த முடியாது. ஆகவேதான், செல்கள் தாமாகவே உண்டாக்கும் புரதங்களை, அவற்றில் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளைக் கொண்டு சாயமேற்றி அடையாளம் காணும் வழியை ஆய்வாளர்கள் பெரிதும் சார்ந்திருக்கிறார்கள்.

அப்புரதங்களுள் ஒன்றை வாசகர்கள் பலர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் 'கேஐ-67: 20 சதவீதம்' என்பதுபோல் ஒரு வரி இருக்குமே, அதுதான். ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. ஓய்விலிருக்கும் செல்லில் இல்லாமல், பிரிவதற்கான சுழற்சியில் இருக்கும் செல்லில் மட்டும் காணப்படுவதால் கட்டியின் வேகத்தை மதிப்பிட அது உதவுகிறது. மூளைத் திசுவிலோ, ஒரு செல் பிரிகிறது என்று மட்டுமே அது சொல்லும். பிரிந்து வருவது நரம்பணுவா, அழற்சியின்போது பெருகும், மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியாவா என்று சொல்லாது. குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை) காட்டும் நெஸ்டின், சாக்ஸ்-2 போன்றவற்றுக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. முதிர்ந்த நரம்பணுவைக் காட்டும் நியூஎன் எங்கள் ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படுவது. ஆனால் சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் முழு நரம்பணுக்களாக இருந்தும் அதற்கான சாயத்தை ஏற்பதில்லை.

விளம்பரங்கள் சொல்லும் டபிள்கார்ட்டின், இளம் நரம்பணு தன் இடம் தேடி நகரும்போது அந்தச் செல்லுக்குள் சட்டம்போல் அமைந்த நுண்குழாய்களைக் குலையாமல் பிடித்து நிறுத்தும் புரதம். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பழுது ஏற்பட்டால் ஆண் குழந்தையின் மூளை மடிப்பின்றி வழவழப்பாக அமைகிறது; பெண் குழந்தைக்கு மூளையின் வெளியடுக்கான புறணியின் அடியில் இன்னொரு புறணிபோல் ஒரு பட்டை உருவாகிறது. இரட்டைப் புறணி என்ற பொருளுடைய பெயர் அதனால் வந்தது. எலிகளில் இப்புரதம் புதிய நரம்பணுவில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் இருந்துவிட்டு மறைந்துவிடுவதால், அது தெரியும் செல்லை அண்மையில் பிறந்ததாகக் கொள்ளலாம். மனித மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற இடங்களிலோ, பிறப்புக்கு முன்பே தோன்றிப் பல ஆண்டுகள் முதிராமல் காத்திருக்கும் செல்களிலும் அது காணப்படுகிறது. முதிராதது என்பதும் புதிதாகப் பிறந்தது என்பதும் ஒன்றல்ல.

இனி வருவது எங்கள் தொழிலின் குறை. பிரேதப் பரிசோதனையில் எடுத்த மூளையை, அடிப்பக்க இரத்தக்குழாயின் கீழ் நூல் கோத்து, ஃபார்மலின் வாளிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டு, இரண்டு வாரமோ அதற்கு மேலோ கழித்து வெட்டுவதே மரபு. திசு கெட்டியாகி வெட்ட வசதியாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய இடம் மறைந்துவிடுகிறது. அதைத் திறப்பதற்காக ஸ்லைடுகளைச் சிட்ரேட் கரைசலில் வைத்துப் பிரஷர் குக்கரில் கொதிக்க வைப்போம். வீட்டில் பருப்பு வேகவைக்கும் அதே குக்கர்தான். எல்லாப் புரதமும் அதற்கு மீள்வதில்லை. போதாக்குறைக்கு, வயதானவர்களின் நரம்பணுக்களில் சேரும் லிப்போஃபசின் என்ற நிறமி தானாகவே ஒளிர்ந்து, சாயம் ஏறாத செல்லையும் ஏறியதுபோல் காட்டும்.

2018 மார்ச்சில், கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், டபிள்கார்ட்டின் உள்ள செல்கள் குழந்தைப் பருவத்திலேயே வேகமாகக் குறைந்து, பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் காணப்படவில்லை என்று எழுதினார்கள். அடுத்த மாதமே நியூயார்க்கிலிருந்து வந்த கட்டுரை, எழுபது வயது கடந்தவர்களிடமும் அவை உண்டு என்றது. 2019இல் மாட்ரிட் குழுவினர், ஃபார்மலினில் குறைந்த நேரமே இருந்த திசுக்களில், 43 முதல் 87 வயது வரையிலான நோயற்ற 13 பேரிடமும் அச்செல்களைக் கண்டார்கள். ஊறும் நேரம் நீண்டபோது சாயம் மங்கியதையும், அல்சைமர் நோயாளிகளிடம் எண்ணிக்கை குறைந்திருந்ததையும் காட்டினார்கள். முரண்பாட்டின் ஒரு பங்கு மூளையில் அல்ல, வாளியில் இருந்தது என்பதே என் கருத்து. 2025இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா குழு, ஆன்டிபாடியை மட்டும் நம்பாமல் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் ஆர்என்ஏவை ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் படித்து, பெரியவர்களிடமும் பிரிந்துகொண்டிருக்கும், நரம்பணுவாக மாறக்கூடிய முன்னோடிச் செல்களைக் கண்டது. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது.

மனிதரைப் பற்றி மேலே சொன்னவை அனைத்தும் இறந்தவர்களின் மூளையிலோ, அறுவையில் அகற்றிய திசுவிலோ பார்த்தவை. உயிருள்ள ஒருவரின் மூளையில் இன்று எத்தனை நரம்பணுக்கள் பிறந்தன என்று எண்ணும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்று இல்லை. ஆகையால், மாத்திரை உண்ட ஒருவருக்கு டபிள்கார்ட்டின் கூடியது என்று எவரும் அளந்திருக்க முடியாது. அளந்தது எலியில்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் இளம் எலியில். ஓடுசக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளுக்கும் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணுக்கள் கூடின என்று 1999லேயே காட்டப்பட்டிருக்கிறது. ஓடுவதற்கு விலை கிடையாது.

போன வாரம் விளம்பரம் அனுப்பியவரிடம், எந்த விலங்கு, எந்த வயது, எந்தக் குறிப்பான் (அதாவது எந்தப் புரதம்), செல் பிரிந்ததற்கான தனிச் சான்று உண்டா என்று விற்பவரிடம் கேட்கச் சொன்னேன். மறதிக்கு அவையும் காரணமாகலாம் என்பதால் அம்மாவின் பி12, தைராய்டு அளவுகளைப் பார்த்தார்களா என்று நான் கேட்டதற்கு, இதுவரை பார்க்கவில்லை என்றார்.