சொல் விளக்கம்: ஓம்புட்ஸ்பர்சன்

பல்கலைக்கழகக் கையேட்டில் ‘ஓம்புட்ஸ்பர்சன்’ என்ற பதவிப் பெயரைக் காணும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்று, அவரை மாணவர்களுக்கான சங்கத் தலைவர் என்று எண்ணிக்கொண்டால் வியப்பில்லை. சம்பளக் குறைப்பானாலும் ஒழுகும் கூரையானாலும் தொழிற்சங்கத்திடம் சொன்னால் அவர்கள் நம் பக்கம் நின்று நிர்வாகத்திடம் வாதாடுவார்கள் என்பது தோட்டத்தில் தலைமுறைகளாக ஊறிய பழக்கம். இந்தப் புரிதல் சொல்லின் வேருக்குப் பொருந்துகிறது, பதவிக்குத்தான் பொருந்தவில்லை.

இப்பெயரின் மூலமான ‘ஓம்புட்ஸ்மன்’ சுவீடிய மொழிச் சொல். ஒருவரின் சார்பில் செயல்பட ஆணை பெற்றவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். தொழிற்சங்க அலுவலரையும் அந்நாட்டில் இன்றுவரை அச்சொல்லாலேயே அழைக்கிறார்கள். ஆனால், 1809ஆம் ஆண்டு அரசமைப்பின் வழி, அரசு அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிக்க நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் தனிப் பதவி ஒன்று அங்கே உருவானது. உலகம் கடன் வாங்கியது இந்த இரண்டாவது பொருளையே. 1962இல் நியூசிலாந்து இப்பதவியை ஏற்றது. 1965இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முயற்சியால் அது கல்விக்கூடத்திற்குள் வந்தது. மலேசிய அரசு 1971இல் பொதுப் புகார் பிரிவை அமைத்தபோது பணி ஓரளவு ஒத்திருந்தும் பெயர் வேறாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் இவர் செய்வது என்ன? பி.டி.பி.டி.என். எனும் மலேசிய அரசின் உயர்கல்விக் கடன் வந்து சேரத் தாமதமானதால் கட்டணம் நிலுவையாகி, தேர்வு எழுத முடியாத நிலையில் ஒரு மாணவி நிற்கிறாள் என்று கொள்வோம். இவருடைய குறைகேட்பு அலுவலகம் அவள் சொல்வதைத் தனியே கேட்டு, பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளில் தவணைக்கு இடமுண்டா என்று பார்த்து, எந்தப் பிரிவுக்கு எந்த ஆவணத்தோடு எழுத வேண்டும் என்று வழிகாட்டும். அவள் இசைந்தால் நிதிப் பிரிவோடும் பேசும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவோ மதிப்பெண்ணை மாற்றவோ அதற்கு அதிகாரமில்லை. சார்பின்மை, தன்னுரிமை, இரகசியக் காப்பு, முறைசாரா அணுகுமுறை ஆகிய நான்கும் இவ்வலுவலகத்தின் அடிப்படை நெறிகள். பேராசிரியர்மீது புகார் சொன்னால் பெயர் வெளியாகிவிடுமோ என்று அஞ்சும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவற்றுள் இரகசியக் காப்பே பெரிது என்பது என் எண்ணம்.

எல்லா நாடுகளிலும் அதிகாரம் ஒன்றல்ல. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, மாணவர் குறைதீர் குழுவின் முடிவில் நிறைவடையாதவரின் மேல்முறையீட்டை ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி ஒருவர் விசாரிக்கிறார். அங்கே ‘குறைதீர்ப்பாளர்’ என்பது சரியான சொல். தீர்ப்பவர், தீர்ப்பளிப்பவர் என்ற இரு பொருளும் அதில் ஒலிக்கின்றன. தீர்ப்பே வழங்காத அலுவலகத்திற்கு அதே பெயரை இட்டால், மாணவர் பொய்யான நம்பிக்கையோடு கதவைத் தட்டுவார்.

இப்பதவிக்கு எண்ணிப் பார்க்கக்கூடிய மற்றத் தமிழ்ப் பெயர்களுள் ‘நடுவர்’ என்றால் பட்டிமன்றமும் பந்து திடலும் நினைவுக்கு வருகின்றன. அவரும் முடிவு சொல்பவரே. ‘முறைகேட்பாளர்’ அழகான ஆக்கம்தான், ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு ‘முறைகேடு’ தெரிந்துவிடும். ‘மாணவர் பிரதிநிதி’ சுவீடிய வேருக்கு நெருக்கமானது என்றாலும் சார்பின்மையை அடியோடு மறுக்கிறது. எனவே, கேட்டு வழிகாட்டும் பல்கலைக்கழகப் பதவிக்குக் ‘குறைகேட்பாளர்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

ஆண்பால் தொனிக்கிறது என்று ஆங்கிலத்தில் ‘மன்’ என்ற ஈற்றைப் ‘பர்சன்’ என மாற்றினார்கள். தமிழில் ‘ஆளர்’ என்ற ஈறு இருபாலருக்கும் பொது என்பதால் அந்த மாற்றத்திற்கு இங்கே தேவை எழவில்லை.