மலையகத்திலிருந்து பாய்ப்படகுக்கு: முதல் முறை ஏறுமுன் பார்க்க வேண்டியவை

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து பாய்ப்படகில் பணியாளாகச் சேர வழி தேடும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அனுபவம் இல்லாதவரை எடுப்பார்களா?" என்பதைத்தான். எடுப்பார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு தாய்லாந்து, மலேசியாவிலிருந்து மேற்கே போகும் படகுகளில் சில காலியில் தங்கி, எரிபொருளும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு மாலைதீவுக்குப் புறப்படுகின்றன. காலியிலிருந்து மாலே 400 கடல் மைலுக்குச் சற்று அதிகம். மணிக்கு 5 கடல் மைல் ஓடும் படகுக்கு அது மூன்றரை நாள். கணவனும் மனைவியும் மட்டும் ஓட்டிவரும் படகில் அந்த மூன்று இரவும் முறை போட்டு விழித்திருக்க இன்னொரு ஆள் கிடைத்தால் பெரிய உதவி. ஆகவே இடம் இருக்கிறது. அந்தப் படகில் நான் ஏறலாமா, அந்தக் கப்டனை நம்பலாமா என்று கேட்பவர்கள்தான் மிகக் குறைவு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலில், பாய்ப்படகு வேலை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வகை உண்டு. கழகங்களில் ஓடும் சிறிய போட்டிப் படகுகள். இங்கே சம்பளமும் இல்லை, செலவும் அதிகமில்லை. சொந்தப் படகில் உலகம் சுற்றுபவர்கள் சாப்பாட்டுச் செலவைப் பகிர்ந்துகொண்டு ஏற்றிக்கொள்ளும் இடம்; இதிலும் சம்பளம் இல்லை. மூன்றாவது, வாடகைக்கு ஓடும் பெரிய சொகுசுப் படகுகளில் சம்பள வேலை. மூன்றாவதற்கு எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற, கடற்பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச விதிப்படி எடுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் கடற்பணியாளருக்கான மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் பொறுப்பும், இவற்றோடு கப்பல் காவல் விழிப்புணர்வும் அந்தப் பயிற்சியில் அடங்கும். புதியவர் முதல் வகையில் தொடங்கி இரண்டாவதுக்குப் போவதே சரியான வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. கடலையே பார்க்காமல் கடன் வாங்கிச் சான்றிதழ் எடுத்துவிட்டு, முதல் நாளே வாந்தியெடுத்துத் திரும்பினால் அந்தப் பணம் வீண்.

கழகம் என்றால் மொரட்டுவைப் பக்கம் பொல்கொட ஏரியில் இருக்கும் சிலோன் மோட்டார் யொட் கழகமும், கொழும்பில் இருக்கும் ரோயல் கொழும்பு யொட் கழகமும் நினைவில் இருக்கட்டும். என்டர்பிரைஸ், ஜிபி14 போன்ற இரண்டு பேர் ஓட்டும் படகுகளில் ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். மற்றவர் முன்பாயைப் பார்த்துக்கொண்டு, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். போட்டி நாளில் இந்த இரண்டாவது ஆள் வராமல் போவது அடிக்கடி நடப்பது. காலையிலேயே போய், படகு இறக்க உதவி, "ஆள் குறைந்தால் நான் வருகிறேன்" என்று சொல்லி வைத்தவருக்கு அன்றே இடம் கிடைக்கலாம். கொழும்பில் ஹோட்டலிலோ கடையிலோ வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு லீவு நாள் இதற்குப் போதும்.

அதற்கும் முன்னால் நீச்சல். மலையகத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைப்பதுதான் தப்பு. உடுத்த உடுப்போடு 50 மீற்றர் நீந்தவும், தண்ணீரில் பதறாமல் 5 நிமிடம் மிதக்கவும் முடிய வேண்டும். இதைக் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் பழகப் போகாதீர்கள். மவுசாக்கலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. வறட்சியில் நீர் வற்றினால் கோயில் கட்டடங்கள் தலைகாட்டும். இடிந்த சுவரும் மரக்கட்டையும் சேறும் கால் வைக்கும் வரை தெரியாது, ஆழம் திடீரென்று இறங்கும், காப்பாற்றவும் ஆள் இருக்காது. பயிற்றுநர் இருக்கும் நீச்சல் தடாகத்தில் மட்டும் பழகுங்கள்.

வீட்டிலிருந்தே பழகக்கூடியது கயிறு. 10 மில்லிமீற்றர் தடிப்பில் 2 மீற்றர் நைலோன் கயிறு ஒன்று போதும். எட்டு முடிச்சு (கயிற்று நுனி நழுவாமல் தடுப்பது), கிளோவ் ஹிட்ச் (கம்பத்தில் கட்டுவது), பௌலைன் (நுனியில் கண்ணி போடுவது) என்ற மூன்றையும் இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றும் 10 விநாடிக்குள் போட வர வேண்டும். பௌலைன் கண்ணி இறுகாது. எவ்வளவு இழுத்த பிறகும் அவிழ்க்கலாம். அதனால்தான் பாயின் நுனியில் கயிறு கட்ட அதையே போடுகிறார்கள். நுனியை ஒரு சாண் மிச்சம் விடுங்கள். குறுக்கி வெட்டினால் ஆட்டத்தில் கழன்றுவிடும்.

படகில் ஏறிய பிறகு கை போகும் முதல் இடம் வின்ச். பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை அது. கயிற்றை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். தொடக்கத்தில் இரண்டு சுற்று. தொய்வை இழுத்து முடித்து இழுவை ஏறிய பிறகே மூன்றாவது, நான்காவது சுற்று. அதன் பிறகுதான் கைபிடி. அவசரத்தில் முதலிலேயே நான்கு சுற்றுப் போட்டால் ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். 10 மீற்றர் படகில்கூட அந்தக் கயிற்றில் காற்று இழுக்கும் இழுவை நூறு கிலோவைத் தாண்டும்; சிக்கிய கயிற்றை வெறுங்கையால் எடுக்கவே முடியாது. கயிற்றைத் தளர்த்தும்போது ஓர் உள்ளங்கையைச் சுற்றுகளின் மேல் தட்டையாக வைத்து, மற்றக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பெருவிரல் உருளைப் பக்கம் போகக் கூடாது. எந்தச் சமயத்திலும் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள்.

ஆவண விடயத்தில் மலையகத்தவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறிய பெயர், தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு மாற்றம். படகின் பணியாளர் பட்டியலில் கடவுச்சீட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். பிறப்புப் பதிவில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் முதலில் திருத்திவிட்டுப் பிறகு கடவுச்சீட்டுக்குப் போங்கள்; கண்டியிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை என்பதால் பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்கட்டும். மாலைதீவுக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. அதற்கு அப்பால் படகு போகும் பல நாடுகளில் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இதைக் கப்டனிடம் முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். ஒரு பணியாளை இறக்க நாடு அனுமதிக்காவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு கப்டன் தலையில் விழும்; கடைசி நேரத்தில் தெரியவந்தால் அவர் உங்களை ஏற்றமாட்டார்.

காலி துறைமுகம் காவலுக்குட்பட்ட இடம். அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போய்ப் படகு படகாகக் கேட்க முடியாது. படகுகளின் வேலையைப் பார்க்கும் கப்பல் முகவர்கள் மூலமாகவோ, ஃபைண்ட் எ க்ரூ, க்ரூபே போன்ற இணையத்தளங்கள் மூலமாகவோதான் கப்டன்களைத் தொடர்புகொள்ள வேண்டும். கடிதத்தில் வீரம் பேசாதீர்கள். இவ்வளவு இருந்தால் போதும்: "வயது 24. கடல் அனுபவம் இல்லை. ஏரியில் இரண்டாள் படகில் பழகியிருக்கிறேன். 50 மீற்றர் நீந்துவேன். பஸ்ஸில் வாந்தி வரும் பழக்கம் உண்டு, மாத்திரை போட்டால் சரியாகும். ஹோட்டல் சமையலறையில் மூன்று வருடம் வேலை. பெப்ரவரி முழுவதும் வர முடியும். திரும்பும் டிக்கெட்டுக்குப் பணம் என்னிடம் உண்டு." கடைசி வரி கப்டனுக்கு மிக முக்கியம்.

ஹோட்டல் சமையல் தெரிந்தவரைக் கப்டன்கள் விரும்புகிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவரை இன்னும் விரும்புவார்கள். டீசல் குழாயில் ஏறிய காற்றை வெளியேற்றுவது, தண்ணீர்ப் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றுவது, ஃபேன் பெல்ட் இறுக்குவது ஆகிய மூன்றும் தெரிந்தால் கடல் அனுபவம் இல்லாத குறை பாதி தீர்ந்தது. ஒரு வாளித் தண்ணீரில் குளித்து முடிக்கும் பழக்கமும் படகில் மதிப்புள்ளது. அங்கே நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும்.

இனி படகைச் சோதிக்கும் வேலை. நீங்கள் புதியவர் என்பதால் கேட்கக் கூடாது என்று எண்ண வேண்டாம். நல்ல கப்டன் கேட்பவரை மதிப்பார்; முகம் சுளிப்பவர் படகில் ஏறாதீர்கள். முதலில் உங்களுக்குத் தரப்படும் உயிர்காப்பு அங்கி. தானாக ஊதும் வகையென்றால் உறையைத் திறந்து உள்ளே இருக்கும் வாயுக் குப்பியைக் கையால் திருகிப் பாருங்கள். ஆட்டத்தில் அது கழன்று தளர்ந்திருப்பது அடிக்கடி காணும் பிழை. தளர்ந்திருந்தால் அங்கி ஊதாது. 150 நியூட்டன் மிதப்பு விசையுள்ள அங்கிக்குப் பொதுவாக 33 கிராம் குப்பி. நிறை குப்பியிலேயே பொறித்திருக்கும். துளைத்த, துருப்பிடித்த குப்பி கூடாது. தானியங்கிப் பகுதியின் காலாவதித் தேதியையும், தொடையிடை வார் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த வார் இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலேறி முகத்தை மூடும்.

அதன் பிறகு உயிர்காப்புத் தெப்பம் கடைசியாகச் சேவிஸ் செய்த தேதி, 406 மெகாஹேட்ஸ் அவசர அலைபரப்பியின் பற்றரித் தேதி, வெளிச்சக் குண்டுகளின் காலாவதி, தீயணைப்பான் இருக்கும் இடம், சமையல் வாயுவை அடைக்கும் வால்வு. அடித்தட்டுத் தண்ணீரை வெளியேற்றும் பம்பை உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நீங்கள் மயங்கி விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" எஞ்சினை இயக்குவது, பாயை இறக்குவது, விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது, ஜிபிஎஸ்ஸில் நிற்கும் இடத்தை வாசிப்பது. இந்த நான்கையும் துறைமுகத்திலேயே செய்து காட்டாத கப்டனோடு மூன்று இரவு கடலில் இருக்க முடியாது. முடிந்தால் புறப்படுமுன் ஒரு பகல் ஓட்டம் கேளுங்கள். அதில் அவர் குடிக்கிறாரா, மனைவியிடம் கத்துகிறாரா, காற்று கூடியதும் பாயைக் குறைக்கிறாரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். முன்பு அவரோடு வந்த இரண்டு பேருடன் நேரடியாகப் பேசுங்கள். பெண்பிள்ளைகள் இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. தூங்கும் இடம் தனியா, கதவு பூட்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படகின் பெயர், கொடி, பதிவு இலக்கம், புறப்படும் நாள் எல்லாம் வீட்டில் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

பணத்தில் ஏமாற்று நிறைய. செலவைப் பகிர்வது என்றால் சாப்பாடு மட்டுமா, எரிபொருள், துறைமுகக் கட்டணம், முகவர் கட்டணமும் சேர்த்தா என்று முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சொகுசுப் படகில் வேலை, பதிவுக்கு இவ்வளவு லட்சம்" என்று நகரத்தில் விளம்பரம் ஒட்டுபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இலங்கையும் ஏற்றுக்கொண்ட 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி வேலை தேடித் தருவதற்காகக் கடற்பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடற்பணியாளர் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே உங்களுடையது. முகவருக்கு உரிமம் உண்டா என்பதைக் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகுமுன் அந்த ஒரு விசாரணையைச் செய்துவிடுங்கள். மற்றவர் தரும் பொதி எதையும் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது தேயிலைப் பக்கெட்டாக இருந்தாலும்.

கடலில் முதல் இரண்டு நாள் தலைசுற்றும். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுப்பவர் கடலிலும் எடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாந்தி தொடங்கிய பிறகு வேலை செய்யாது. மருந்தாளரிடம் கேட்டு, படகு புறப்படுமுன்பே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் கொண்டுவரும் என்பதால் ஒரு தடவை கரையிலேயே போட்டுப் பாருங்கள். கீழறைக்குப் போகாமல் மேல்தட்டில் இருந்து அடிவானத்தைப் பாருங்கள். சுக்கானைப் பிடிக்கக் கேளுங்கள், அது உதவும். வாந்தி வந்தால் காற்று போகும் பக்கமாக, உடம்பைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரைக் கொளுவிய பிறகே குனிய வேண்டும். ஆண்கள் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கவே கூடாது. இரவில் அப்படி விழுந்து இறந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் படகு விநாடிக்கு 3 மீற்றர் ஓடுகிறது. ஒருவர் விழுந்து அரை நிமிடத்தில் அவர் 90 மீற்றர் பின்னால்; அலைக்குள் தலை தெரியாது. விழுந்ததைக் கண்டவரின் ஒரே வேலை சத்தமாகக் கத்தி, கையை நீட்டி அவரையே காட்டிக்கொண்டு கண் எடுக்காமல் நிற்பது. மிதவை எறிவதும் படகைத் திருப்புவதும் மற்றவர் வேலை.

இரவுக் காவலில் தூக்கம்தான் எதிரி. காலியிலிருந்து வெளியேறிய உடனே தேவேந்திரமுனைக்குத் தெற்கே ஓடும் பெரிய கப்பல் பாதை வரும். உலகிலேயே நெரிசலான பாதைகளில் ஒன்று. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் 5 மைல் தூரத்திலிருந்து 15 நிமிடத்தில் உங்கள் மேல் இருக்கும். ஆகவே 10 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று சுற்றிவரப் பாருங்கள். கப்பலின் விளக்கு நீங்கள் பார்க்கும் திசையில் மாறாமல் நின்று, பெரிதாகிக்கொண்டே வந்தால் அது மோதும் பாதையில் வருகிறது. கப்டனை எழுப்புங்கள். வீணாக எழுப்பினேனோ என்று தயங்காதீர்கள், அதற்காகவே உங்களை வைத்திருக்கிறார்.

மாலேயில் இறங்கும்போது குடிவரவு அதிகாரியின் முன்னால் பணியாளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டுக் கப்டனோடு சேர்ந்தே கையெழுத்து வாங்குங்கள். எடுக்காமல் விமான நிலையத்துக்குப் போனால் அங்கே மறிக்கக்கூடும். ஒரு சிறு கொப்பியில் படகின் பெயர், நீளம், புறப்பட்ட, சேர்ந்த திகதிகள், ஓடிய கடல் மைல், இரவுக் காவல் மணித்தியாலங்கள் எழுதி, கப்டனின் கையொப்பமும் தொடர்பு முகவரியும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த படகின் கப்டன் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.